க்ரெடிட் கார்டு அப்ளை பண்றதுக்கு முன்னாடி எக்ஸ்பீரியன மட்டும் ஃப்ரீஸ் பண்ணி வைக்கலாமா?

ப்ளேனோ_பாலா

வணக்கம் மக்களே. டெக்சாஸ்ல இருக்கேன், ஹெச்1பி வேலை விசால வந்து நாலு வருஷம் ஆகுது. போன பதினாலு மாசத்துல நாலு கார்டு வாங்கிட்டேன், நடுவுல ஒரு காரும் வாங்கினோம். நேத்து ஆனுவல் க்ரெடிட் ரிப்போர்ட் டாட் காம்ல மூணு க்ரெடிட் ப்யூரோவோட (நம்ம கடன் வரலாற்ற வச்சிருக்கற கம்பெனிங்க) ரிப்போர்ட்டும் எடுத்துப் பாத்தேன், எக்ஸ்பீரியன்ல மட்டும் ஒன்பது ஹார்ட் இன்குயரி (நாம கடன் கேட்டப்போ ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்த பதிவு) இருக்கு, ட்ரான்ஸ்யூனியன்ல ஒன்னு, ஈக்விஃபாக்ஸ்ல ஒன்னு. பாத்ததும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அடுத்த வருஷம் கோடைல வீடு வாங்கலாம்னு இருக்கோம்.

அதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு கார்டு வேணும், ஊருக்குப் போற டிக்கெட்டுக்கு உதவும். சிட்டி கார்டு ஒன்னு, கேப்பிட்டல் ஒன் கார்டு ஒன்னு, ரெண்டுல எதாவது. ஆஃபீஸ்ல ஒரு நண்பர் சொன்னாரு, எக்ஸ்பீரியன ஃப்ரீஸ் பண்ணிட்டு, அதாவது புதுசா கடன் குடுக்கறவங்க ரிப்போர்ட்ட பாக்க முடியாதபடி மூடிட்டு, அப்ளை பண்ணு, பேங்க் வேற வழியில்லாம மத்த ப்யூரோல போய் பாக்கும், உனக்கு அங்க சுத்தமா இருக்குல்ல அப்டின்னாரு. இது நெஜமாவே வேலை செய்யுமா? சட்டப்படி தப்பு எதுவும் இல்லையே? விசா மேட்டர் இருக்கறதால எதுலயும் மாட்டிக்க விரும்பல. இன்னொரு சந்தேகம், 24 மாசத்துல அஞ்சு கார்டு வாங்கியிருந்தா சேஸ் பேங்க் புது கார்டு தராதுன்னு சொல்ற 5/24 கணக்குல இருந்தும் இப்படிப் பண்ணா தப்பிக்கலாமா?

எடிசன்_அக்கா

தம்பி, மொதல்ல பயத்த விடுங்க. ஃப்ரீஸ் பண்றது தப்பே கிடையாது, அது உங்க உரிமை. 2017ல ஈக்விஃபாக்ஸ்ல இருந்து கிட்டத்தட்ட 14 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் திருடு போச்சு, அடுத்த வருஷமே சட்டம் வந்து 2018 செப்டம்பர் 21ல இருந்து மூணு ப்யூரோவும் இலவசமா ஃப்ரீஸ் பண்ணித் தரணும்னு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி பல மாநிலத்துல ஒவ்வொரு தடவை போடறதுக்கும் எடுக்கறதுக்கும் காசு குடுத்தோம். இப்போ ஆன்லைன்லயோ போன்லயோ கேட்டா ஒரு வேலை நாளுக்குள்ள போட்டாகணும், எடுக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். நடைமுறைல ரெண்டுமே நிமிஷக் கணக்குல முடிஞ்சிடும். விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்ளிகேஷன்ல சம்பளம், வாடகை எல்லாம் உண்மையா எழுதுங்க, பொய் எழுதினாத்தான் சிக்கல்.

ஒன்னு மட்டும் கவனிங்க, ப்யூரோ சைட்டுக்குப் போனா ஃப்ரீஸ் பட்டன ஒளிச்சு வச்சுட்டு ‘லாக்’னு ஒன்ன முன்னாடி காட்டுவாங்க. லாக் அவங்களோட சொந்த சர்வீஸ், சில எடத்துல மாசக் கட்டணம் கேப்பாங்க. சட்டம் காப்பாத்தறது ஃப்ரீஸ மட்டும்தான். செக்யூரிட்டி ஃப்ரீஸ்னு இருக்கறதத் தேடிப் போடுங்க.

வடபழனி_டு_ஆஸ்டின்

ப்ரோ, ரொம்பப் பேரு குழப்பிக்கற எடம் உங்க கடைசி கேள்விதான், அதனால அத மொதல்ல சொல்லிடறேன். 5/24 இன்குயரிய எண்ணறதே இல்ல. கடைசி 24 மாசத்துல உங்க பர்சனல் ரிப்போர்ட்ல எத்தன புது கார்டு அக்கவுண்ட் தெரியுதுங்கறதுதான் கணக்கு. நீங்க எக்ஸ்பீரியன மூடி வச்சு ஈக்விஃபாக்ஸ் வழியா கார்டு வாங்கினாலும், மொத ஸ்டேட்மெண்ட் போன கொஞ்ச நாள்ல அந்த அக்கவுண்ட் மூணு ப்யூரோலயும் வந்து உக்காந்துரும். மறைக்க முடியறது இன்குயரிய மட்டும்தான், கார்ட மறைக்க முடியாது. நாலு கார்டு ஏற்கனவே இருக்கு, இது அஞ்சாவது, அப்போ அதுல பழைய கார்டு 24 மாசம் தாண்டி கணக்கு அஞ்சுக்குக் கீழ எறங்கற வரைக்கும் சேஸ் கதவு உங்களுக்குச் சாத்திடும். சேஸ்ல எதாவது வாங்கற ஆசை இருந்தா இந்த சிட்டி கார்டுக்கு முன்னாடி யோசிங்க.

அப்புறம் அந்த ஒன்பது. கார் வாங்கினேன்னு சொன்னீங்கள்ல, டீலர் உங்க அப்ளிகேஷன எத்தன லெண்டருக்கு அனுப்பினாருன்னு பாருங்க. என் அனுபவத்துல ஒரே சாயங்காலத்துல அஞ்சு ஆறு எடத்துக்கு அனுப்பிருவாங்க. ரிப்போர்ட்ல ஒவ்வொன்னும் தனித்தனியா தெரியும், ஆனா ஃபைகோங்கற கம்பெனி க்ரெடிட் ஸ்கோர் போடும்போது வண்டி லோன், வீட்டு லோன், ஸ்டூடண்ட் லோன் இந்த மூணுக்கும் 14 நாள்ல இருந்து 45 நாளைக்குள்ள வந்த இன்குயரி எல்லாத்தயும் ஒன்னாத்தான் எடுத்துக்கும், எந்த வெர்ஷன்ங்கறத பொறுத்து நாள் மாறும். க்ரெடிட் கார்டுக்கு இந்தச் சலுகை கெடையாது, நாலு அப்ளிகேஷன்னா நாலுதான்.

ஒரு இன்குயரியால பெரும்பாலானவங்களுக்கு அஞ்சு பாயிண்டுக்கும் கம்மியாத்தான் எறங்கும்னு ஃபைகோவே சொல்றாங்க. ரிப்போர்ட்ல ரெண்டு வருஷம் இருக்கும், ஸ்கோர்ல 12 மாசம் மட்டும்தான் கணக்கு. அதனால உங்க நிலமை நீங்க நெனைக்கற அளவுக்கு மோசம் இல்ல.

ப்ளேனோ_பாலா

அண்ணா இப்பதான் போய் பாத்தேன், ஒன்பதுல அஞ்சு காருதான்! ஒரே தேதி. மத்த நாலும் கார்டு, சேஸும் அமெக்ஸும் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்). நிம்மதியா இருக்கு. ஆனா பேங்க் கம்ப்யூட்டர் ஒன்பதுன்னு எண்ணினா?

வடபழனி_டு_ஆஸ்டின்

அது நியாயமான கேள்வி. ஸ்கோர் ஒன்னா எடுத்துக்கிட்டாலும் பேங்க்கோட சொந்த ரூல் தனியா எண்ணலாம், ‘சமீபத்துல நெறைய இன்குயரி’ன்னு காரணம் போட்டு ரிஜெக்ட் லெட்டர் வர்றதும் இதனாலதான். அந்த ஒரு எடத்துலதான் உங்க நண்பர் சொன்ன ஃப்ரீஸ் உதவுது.

யாரு எங்க பாப்பாங்கங்கறது எந்த மாநிலம், எந்த கார்டுங்கறத பொறுத்து மாறும், ஆனா பொதுவா ஒரு போக்கு இருக்கு. அமெக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்பீரியன். சேஸும் நெறைய எடத்துல எக்ஸ்பீரியன். பார்க்லேஸ் பெரும்பாலும் ட்ரான்ஸ்யூனியன். சிட்டி எக்ஸ்பீரியனுக்கும் ஈக்விஃபாக்ஸுக்கும் நடுவுல மாறும், அதனாலதான் சிட்டிக்கு எக்ஸ்பீரியன மூடிட்டுப் போற பழக்கம் வந்துச்சு. கேப்பிட்டல் ஒன் மூணையும் பாக்கும், ஒன்ன மூடி வச்சா தந்திரம் பலிக்காது, தொறந்துட்டு வான்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வீடு வாங்கப் போற நேரத்துல மூணு ப்யூரோலயும் ஆளுக்கு ஒரு இன்குயரி எதுக்கு, அத விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

யுஎஸ் பேங்க் பக்கம் போறவங்க ஏஆர்எஸ்னு ஒரு சின்ன ப்யூரோவயும் சேத்து ஃப்ரீஸ் பண்ணுவாங்க, பேரே கேள்விப்படாத எடத்துல எல்லாம் நம்ம ஃபைல் இருக்கு. உங்களுக்கு இப்போ அது தேவையில்ல.

சியாட்டில்_மழை

நான் இத ரெண்டு தடவ பண்ணிப் பாத்திருக்கேன், ரெண்டு விதமாவும் முடிஞ்சுது, அதனால சொல்லணும்னு தோணுது. மொத தடவ எக்ஸ்பீரியன மூடிட்டு அப்ளை பண்ணேன், ஒரு நிமிஷத்துல அப்ரூவ்ட், சாயங்காலம் பாத்தா ஈக்விஃபாக்ஸ்ல ஒரு இன்குயரி. அவ்ளோதான். அந்தத் தைரியத்துல ஒரு வருஷம் கழிச்சு வேற ஒரு பேங்க்ல அதே மாதிரி பண்ணேன். பெண்டிங்னு வந்துச்சு, பத்து நாள் கழிச்சு தபால்ல லெட்டர், உங்க ரிப்போர்ட்ட எங்களால பாக்க முடியல, அதனால நிராகரிக்கிறோம்னு. போன் பண்ணி, நிராகரிச்சத மறுபடி பரிசீலிக்கற ரீகன்சிடரேஷன் டீம்ல பேசினேன், ட்ரான்ஸ்யூனியன் தொறந்திருக்கு அத பாருங்களேன்னு கெஞ்சாத குறையா கேட்டேன், அந்தம்மா ஒத்துக்கவே இல்ல, எக்ஸ்பீரியன தொறந்தாத்தான் ஆச்சுன்னாங்க. தொறந்தேன். இன்குயரி விழுந்துச்சு. அப்புறமும் ரிஜெக்ட், காரணம் சமீபத்துல நெறைய அக்கவுண்ட். அதுல என்ன கொடுமைன்னா, தொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு எக்ஸ்பீரியன்ல எத்தன இன்குயரி இருக்குன்னு நான் எண்ணிக்கூட பாக்கல, எண்ணியிருந்தா அந்த போன்லயே ‘வேண்டாம் விட்டுடுங்க’ன்னு சொல்லியிருப்பேன்.

அதனால பாலா, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, அவங்க எக்ஸ்பீரியன்தான் வேணும்னு அடம் பிடிச்சா தொறப்பீங்களா, இல்ல வேண்டாம்னு விட்டுடுவீங்களான்னு. போன்ல இருக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. நிராகரிச்ச லெட்டர்ல எந்த ப்யூரோவ பாத்தாங்க, இல்ல பாக்க முயற்சி பண்ணாங்கன்னு இருக்கும், அத பத்திரமா வைங்க. ரிப்போர்ட்ட வச்சு மறுத்திருந்தா 60 நாளுக்குள்ள அந்த ப்யூரோகிட்ட இலவச ரிப்போர்ட் கேக்கலாம்.

இன்னொன்னு, மூணையும் மூடி வச்சுட்டு அப்ளை பண்ணாதீங்க. எதாவது ஒரு கதவு தொறந்திருந்தாத்தான் பேங்க் அங்க போகும். கார்டு கைக்கு வர்ற வரைக்கும் அத மறுபடி மூடவும் வேண்டாம்.

எடிசன்_அக்கா

வீட்டு லோன் பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன், நாங்க வாங்கி மூணு வருஷம் ஆச்சு. மார்ட்கேஜ்காரங்க மூணு ப்யூரோலயும் ஸ்கோர் எடுத்து நடுவுல இருக்கறதத்தான் எடுத்துப்பாங்க. உதாரணத்துக்கு 721, 748, 760னு இருந்தா உங்க ஸ்கோர் 748. அப்போ எக்ஸ்பீரியன் ஒன்னு மட்டும் கொஞ்சம் தாழ்வா இருந்தா அது உங்கள ஒன்னும் பண்ணாது தம்பி, மத்த ரெண்டும் நல்லா இருந்தா நடு ஸ்கோரும் நல்லாத்தான் இருக்கும். இத யோசிச்சுப் பாருங்க. எக்ஸ்பீரியன்ல ஏற்கனவே கறை இருக்கு, சுத்தமா இருக்கற ஈக்விஃபாக்ஸ்ல கொண்டு போய் புதுசா ஒன்ன வைக்கறீங்க. கார்டு கெடைக்கறதுக்கு அது நல்லது, வீட்டு லோனுக்கு அது அவ்வளவு நல்லதில்ல. ஒரு இன்குயரிக்குப் பெரிய வித்தியாசம் வராதுதான், ஆனா ஃப்ரீஸ் பண்ணா எல்லாமே லாபம்னு நெனைச்சுக்காதீங்க.

ஸ்கோர விட லெண்டர் கேக்கற கேள்விதான் தொல்லை. கடைசி மூணு நாலு மாசத்துல இருக்கற ஒவ்வொரு இன்குயரிக்கும் ‘இது எதுக்கு, புதுசா கடன் எதாவது வாங்கினியா’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் ஒரு ஃபர்னிச்சர் கடைல பத்து பர்சண்ட் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஸ்டோர் கார்டு போட்டதுக்கு நான் ராத்திரி உக்காந்து லெட்டர் எழுதினேன். அதனால வேணும்னா இப்பவே வாங்குங்க, லோன் அப்ளிகேஷனுக்கு முன்னாடி ஆறு மாசமாவது எதயும் தொடாதீங்க. லோனுக்குப் போகும்போது மூணு ஃப்ரீஸையும் எடுத்து வைங்க, தேதி குறிச்சு தற்காலிகமா எடுக்கற வசதி இருக்கு, இத்தன நாள்லேந்து இத்தன நாள் வரைக்கும்னு போட்டா தானா மறுபடி மூடிக்கும்.

குழந்தை இருக்கா? இங்க பொறந்து எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருந்தா அதுக்கும் ஃப்ரீஸ் போட்டுருங்க. 16 வயசுக்குக் கீழ இருந்தா அப்பா அம்மா போடலாம், அதே 2018 சட்டம்தான். தபால்ல அனுப்பணும், பர்த் சர்டிஃபிகேட் நகல், நம்ம ஐடி நகல் எல்லாம் வைக்கணும். குழந்தையோட நம்பர்ல யாராவது கடன் வாங்கினா நமக்குத் தெரியறதுக்கே பதினெட்டு வருஷம் ஆயிடும், கார்டு பாயிண்ட விட எனக்கு இதுதான் பெருசா தெரியுது.

காவேரிக்கரை

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் இந்த கார்டு கணக்கெல்லாம் பாக்கறதில்ல, ஆனா மூணும் எப்பவுமே மூடித்தான் வச்சிருக்கேன். கதவ எப்பவும் பூட்டி வச்சுட்டு ஆள் வரும்போது தொறக்கற மாதிரி. ஏற்கனவே இருக்கற கார்டு, லோன் எதுவும் பாதிக்காது, ஸ்கோரும் மாறாது. புது போன் கனெக்‌ஷன் எடுக்கும்போது ஒரு தடவ கடைல நின்னுகிட்டே தொறக்க வேண்டியிருந்துச்சு, பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாம அரை மணி நேரம் போச்சு, மூணு லாகினையும் ஒரு எடத்துல எழுதி வச்சுக்கோங்க.

ப்ளேனோ_பாலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்திருக்கேன். கேப்பிட்டல் ஒன்ன விட்டுட்டேன். மழை சொன்ன மாதிரி எக்ஸ்பீரியன் கேட்டா வேண்டாம்னு விட்டுடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி, மனைவிகிட்டயும் சொல்லிட்டுத்தான் அப்ளை பண்ணேன். எக்ஸ்பீரியன் மூடி, மத்த ரெண்டும் தொறந்து. உடனே வரல, பெண்டிங். மூணாவது நாள் நானே போன் பண்ணேன், ஏன் ஃப்ரீஸ்னு கேட்டாங்க, அதிகப்படியா இன்னொரு இன்குயரி அங்க வேண்டாம்னு இருக்கேன், ஈக்விஃபாக்ஸ் தொறந்திருக்குன்னு உள்ளத உள்ளபடி சொன்னேன். கொஞ்ச நேரம் ஹோல்டுல வச்சாங்க, வந்து சரின்னுட்டாங்க. ஈக்விஃபாக்ஸ்ல ஒன்னு ரெண்டாச்சு, ஸ்கோர் நாலு பாயிண்ட் எறங்கிச்சு.

சேஸ் இனிமே ரொம்ப நாளைக்கு இல்லன்னு தெரிஞ்சுதான் பண்ணேன், வருத்தமில்ல. வீடு முடியற வரைக்கும் வேற எதுவும் இல்ல.

பொண்ணுக்கு ரெண்டு வயசு. மூணு ப்யூரோவுக்கும் மூணு கவர், பர்த் சர்டிஃபிகேட் நகலோட, நேத்து மத்தியானம் போஸ்ட் ஆஃபீஸ்ல சர்டிஃபைட் மெயில்ல போட்டுட்டு வந்தேன்.