மேல்பாரமான மினி கவிழுது: வோஷரா, பெரிய பேஸா?

வாவிக்கரை:
மேசை விளையாட்டுக்கு வைக்கிற சின்ன ரெசின் உருவம் (மினி), 32 மி.மீ வட்டப் பேஸ் (அடித்தட்டு), மேலே செட்டையும் கொடிக்கம்பமும். எடை 15 கிராம். ஸ்கேல் விளிம்பில் படுக்கவைத்துச் சமன் பார்த்ததில் ஈர்ப்பு மையம் 30 மி.மீ உயரத்தில் இரிக்கு. கச்சான் காத்து யன்னலால வந்தாலே விழுது. அடியில வோஷர் (ஓட்டையுள்ள இரும்பு வட்டு) ஒட்டுறதா, 40 மி.மீ பேஸுக்கு மாத்துறதா?

வீச்சுவலை:
வோஷர்தான். எம்12 (12 மி.மீ போல்ட்டுக்குரியது) எண்டு கேளுங்க: 24 மி.மீ விட்டம், 2.5 தடிப்பு, ஏறத்தாழ 6 கிராம். எம்16 வாங்கிராதீங்க, 30 விட்டம், 32 பேஸின் அடிக் குழிக்குள்ள இறங்காது. வோஷரின் மையம் 2 மி.மீ உயரத்தில எண்டு வச்சாக் கணக்கு: (15×30 + 6×2) ÷ 21 = 22. மையம் 30இலிருந்து 22க்கு இறங்குது. முந்தி 28 பாகை சரிச்சா விழுந்தது, இனி 36. வெறும் 40 பேஸ் 34தான் தரும்.

கல்லடித்தூரிகை:
உருவம் நேரா நிக்குது எண்டு வச்சுப் போட்ட கணக்கு இது. கொடி முன்னுக்குச் சரிஞ்சு மையம் 6 மி.மீ தள்ளியிருந்தா அரைவிட்டம் 16இல முன்விளிம்புக்கு மிச்சம் 10 மட்டும். 18 பாகையில குப்புற விழும். வோஷர் ஒட்டியும் 28தான். 40 பேஸில உருவத்தை 6 மி.மீ பின்னுக்கு ஒட்டினா வோஷர் இல்லாமலே 34.

வீச்சுவலை:
பின்னுக்கு ஒட்டுறதெண்டா 32இலயும் ஒட்டலாமே மச்சான். வோஷரோட 36 வரும்.

கல்லடித்தூரிகை:
குதிக்காலுக்கு இடம் இருந்தாத்தான். இன்னொண்டு: அடி பாரமாகி மேசையிலிருந்து விழுந்தா கணுக்கால் முறியும். 1 மி.மீ பித்தளைக் கம்பியைக் காலுக்குள்ள 5 மி.மீ இறக்கிப் பேஸோட பிணைக்காம பாரம் ஏத்தாதீங்க.

வீச்சுவலை:
அது சரி, மறுக்கேல்ல.

அம்பாறைக்காரன்:
வோஷர் எதுக்கு? வலைக்குப் போடுற ஈயமணியைச் சுத்தியலால தட்டி வைங்க. அடர்த்தி இரும்புக்கு 7.8, ஈயத்துக்கு 11.3, அதே குழிக்குள்ள கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு பாரம்.

கல்லடித்தூரிகை:
பைண்டர் கம்மால (வெள்ளைப் பசை) ஒட்டிராதீங்க அண்ணே! அதிலிருந்து வாற அசற்றிக் அமில (வினாகிரியில இருக்கிற அமிலம்) ஆவி ஈயத்தை அரிச்சு வெள்ளைத் தூளாக்கும், ஊதி பேஸையே வெடிக்க வைக்கும். புளிச்ச மணம் அடிக்கிற சிலிக்கனும் அப்படித்தான். ஈயத்தை அராவினா தூள் மூக்குக்குள்ள போகும். சின்னப் பிள்ளைகள் தொடுற மேசையெண்டா ஈயமே வேணாம்.

அம்பாறைக்காரன்:
எபொக்சியால (ரெண்டு குழாய் கலந்து ஒட்டுற பசை) முழுசா மூடினா?

கல்லடித்தூரிகை:
மூடினா ஒட்டும், நிக்கும். கீறல் விழாமப் பாத்துக்கணும். மலிவான வோஷரை விட்டிட்டு அந்த வேலை ஏன் எண்டுதான் கேக்கிறன்.

வாவிக்கரை:
வோஷருக்குச் சுப்பர் குளு போதாதா?

வீச்சுவலை:
தட்டுப்பட்டா நொருங்கி விடும். அதோட ஈரக்காத்தில வெள்ளைப் படலம் வேற. வோஷரின் எண்ணெயைச் சவர்க்காரத்தால கழுவிக் காயவச்சு, ரெண்டு பக்கத்தையும் 120ஆம் இலக்க அரத்தாளால உரசி, அரல்டைட் மாதிரி இரண்டு குழாய் எபொக்சியைச் சமனாக் கலந்து ஒட்டுங்க. கண்ணாடித் தட்டில நிமிர்த்தி வச்சுப் பாருங்க: வோஷர் அரை மி.மீ கீழ வெளிய நீட்டினாலும் பேஸ் ஆடும். 24 மணித்தியாலம் தொடவேணாம். உரசின இடத்தில வோஷரின் நாகப்பூச்சு (துத்தநாகம்) போயிரும், கடற்கரைப் பக்கத்து உப்புக்காத்தில துருப்பிடிக்கும். அடியையும் ஒருதரம் எபொக்சியால பூசுங்க.

கல்லடித்தூரிகை:
பேஸ் அளவு உங்கட விளையாட்டு விதியில தூரக் கணக்கை மாத்துமா எண்டு முதல்ல பாருங்க. மாத்துமெண்டா என்ர 40 யோசனை போச்சு, வோஷரும் பின்னுக்கு ஒட்டுறதும்தான்.