பிஎச்டி வேலைக்கு 7 விண்ணப்பம், ஒரு நேர்காணல்கூட வரலை. எங்கே தப்பு?

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். வேதிப் பொறியியல் முடிச்சு, செம்பனை (பாமாயில்) ஆலைக் கழிவுநீரில் மாஸ்டர்ஸ் செஞ்சேன். சுவீடனில் 7 பிஎச்டி இடங்களுக்கு விண்ணப்பிச்சாச்சு. எல்லாத்துக்கும் ஒரே கடிதம், ஒரே ஆய்வுத் திட்டம். ஏழும் நிராகரிப்பு. அப்பா தோட்டத்தில் குலை வெட்டுறார், கட்டணம் கட்ட வழியில்லை. ஒரு ஏஜென்ட் 3,000 வெள்ளி கொடுத்தா இடம் உறுதிங்கிறார். கொடுக்கலாமா?

வடக்குக்காற்று:
தங்கச்சி, ஒரு காசு கொடுக்காதே! நான் இங்கே சுவீடனில்தான் பிஎச்டி செய்யறேன். இது சம்பள வேலைம்மா. படிப்புக் கட்டணமும் இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. படிப்பு 4 வருஷம். பாடம் நடத்துற வேலை 20 விழுக்காடு வரை சேர்ந்தா 5 வருஷமாகும். பேராசிரியர் கையில் நிதியும் திட்டமும் ஏற்கெனவே இருக்கும், அதுக்குத்தான் ஆள் தேடுறாங்க. கேட்காத இடத்துக்கு உன் திட்டத்தை ஏன் அனுப்புறே? கடிதத்தின் முதல் வரியைப் போடு.

லயத்துப்பிள்ளை:
"சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும், அக்கா.

வடக்குக்காற்று:
அதை எடுத்துடு. ஆய்வகத்தில் உன் கையால என்ன செஞ்சே?

லயத்துப்பிள்ளை:
5 லிட்டர் ரியாக்டரை 55 டிகிரியில் 4 மாசம் ஓட்டினேன். காற்றில்லாத செரிமானம், அதாவது காற்றில்லாம நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்கிற முறை, பயோகேஸ் எடுக்க. கழிவுநீரைக் கொஞ்சம் வேகமா ஏத்திட்டேன், அமிலம் சேர்ந்து பிஎச் (அமில-கார அளவு) 6.5-க்குக் கீழே இறங்கிடுச்சு. மீத்தேன் அப்படியே படுத்துப்போச்சு. ஊட்டுறதை நிறுத்தி, பைகார்பனேட் போட்டு, 3 வாரத்தில் மீட்டேன். சூப்பர்வைசர் புதுசா தொடங்கச் சொன்னார், எனக்கு மனசு வரலை.

வடக்குக்காற்று:
இதுதாம்மா உன் கடிதம்! ஓடுற ரியாக்டரைப் பார்த்துக்க நிறைய பேர் இருக்காங்க, செத்ததை எழுப்பினவங்களைத்தான் தேடுவாங்க. காகித ஆலைக் கழிவு, உணவுக் கழிவு, எந்த பயோகேஸ் ஆய்வகத்துக்கும் இந்தக் கதை பொருந்தும். விளம்பரத்தில் கேட்ட தகுதி ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஒரு சான்று எழுது. ஒரு பக்கம் போதும்.

ஈப்போ அண்ணன்:
தங்கச்சி, நம்ம நாட்டையும் விட்டுடாதே. மலாயா, யுஎஸ்எம், யுகேஎம், யுபிஎம், யுடிஎம் அஞ்சும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள். விரிவுரையாளருக்கு எஃப்ஆர்ஜிஎஸ்ங்கிற அரசாங்க ஆய்வு மானியம் கிடைச்சிருந்தா அதிலிருந்து ஆய்வு உதவியாளர் அலவன்ஸ் கொடுத்து பிஎச்டி சேர்ப்பாங்க. விளம்பரம் வர்ற வரைக்கும் காத்திருக்காம நேரா மெயில் போடு. இன்னொண்ணு, சுவீடன்ல ராத்திரி 11:59-னு கெடு போட்டா கோடையில் நமக்கு மறுநாள் காலை 5:59. தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கிறதுக்கு) கிளம்புற நேரம். கடைசி நிமிஷத்துக்கு வைக்காதே.

லயத்துப்பிள்ளை:
ஏஜென்ட்டுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அந்த 3 வார பிஎச் அளவு எழுதின நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தாச்சு. இன்னிக்கு ராத்திரி கடிதத்தை எழுதி இங்கே போடுறேன், பார்த்துச் சொல்லுங்க அக்கா.