டீசல் வாடை வந்தால் அண்ணன் உட்கார்ந்துவிடுவார்

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை:

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் அண்ணன் ஆழ்கடலில் இருந்தார். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு இரவு கிடந்தார். கூட இருந்த மூவர் திரும்பவில்லை. சுற்றிலும் இழவு வீடுகள். உயிரோடு வந்தவரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? "நீயாவது வந்தாயே" என்பதோடு முடிந்தது.

சில மாதம் கழித்துக் களியக்காவிளையில் பஸ் புகை கக்கியதும் வியர்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று கடலில் முகத்தில் அடித்ததெல்லாம் டீசல் கலந்த தண்ணீர். ராத்திரி அடுக்களைத் தகரம் காற்றில் படபடத்தால் எழுந்து பிள்ளைகளை எண்ணுவார். தொழிலுக்குப் போகாததால் ஊரில் சோம்பேறி என்றார்கள். குடி சேர்ந்ததும் குடிகாரன். அதற்கு முன்பே தூக்கம் போயிருந்ததை நாங்களும் கவனிக்கவில்லை. மைனி பாவம், மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மனநல மருத்துவர் குடியைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டார். அதே காட்சி கனவில் வருகிறதா, எதையெல்லாம் தவிர்க்கிறார், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாரா, யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாரா? இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து ஆளை முடக்கினால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்றார். செர்ட்ராலின் என்ற மன அழுத்த மாத்திரையை எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருக்காவிட்டால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்போம். தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்.

வாரந்தோறும் ஆலோசகரிடம் அந்த இரவை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் "இனி வரமாட்டேன்" என்று பஸ்ஸிலேயே சண்டை. ஏழாவது தடவையில்தான் கைநழுவிப் போனவரின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்டார். பிறகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் முதலில் ஓடாத எஞ்சின் அருகே, அப்புறம் ஓடும் எஞ்சின் அருகே நின்று பழகினார். இப்போது வலை சீர் செய்கிறார். ஆழ்கடலுக்குப் போவதில்லை, போகச் சொல்லி மருத்துவரும் கட்டாயப்படுத்தவில்லை.

குலசேகரத்திலிருந்து:

என் அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். தோட்டத்தை விற்று மரங்களை முறித்த பிறகும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கத்தியைத் தீட்டுவார். வெட்ட மரம் ஏது? தீட்டிவிட்டு அழுவார். நானும் இது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்றுதான் பயந்தேன். மருத்துவர், இதில் உயிர்பயமும் இல்லை, திரும்பத் திரும்ப வரும் காட்சியும் இல்லை. வாழ்க்கை மாறியதோடு ஒத்துப்போக முடியாத அனுசரிப்புக் கோளாறு என்றார். மாற்றம் நேர்ந்த மூன்று மாதத்துக்குள் தொடங்குவது; நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடுமாம். மாத்திரை தரவில்லை. சில தடவை பேச்சு, பிறகு பக்கத்துத் தோட்டத்தில் பாதி நாள் வேலை. கத்தி மறுபடி தேய ஆரம்பித்தது.

மணக்குடியிலிருந்து:

2004 சுனாமியில் பாலமே போன ஊர் எங்களுடையது. அம்மா இன்றும் ரேஷன் அட்டை, நகை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் படுப்பார். ஆனால் நன்றாகத் தூங்குகிறார், சந்தைக்குப் போகிறார், சண்டையும் போடுகிறார். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை 14416-இல் அழைத்துக் கேட்டேன். தூக்கமும் அன்றாட வேலையும் கெடாதவரை பை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அதை அவர்களா சொல்ல வேண்டும்?" என்று பையில் ஒரு டார்ச் லைட்டையும் போட்டார்.