புதுப்பிப்பு: சிங்கப்பூருக்குப் பின் மும்பையிலும் யூ2

சிங்கப்பூரில் இரண்டு இரவும் அயர்லாந்து ராக் குழு யூ2-வைப் பார்த்தேன், அவர்களுடைய 'ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சிக்கு மும்பை போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். "ஒரே பாட்டுகள்தானே, எதற்கு இன்னொரு செலவு?" என்று சிலர் சொன்னீர்கள். போய்விட்டு வந்துவிட்டேன்.

பாட்டுகள் பெரும்பாலும் அதே வரிசைதான். 1987-ல் வந்த அந்த ஆல்பத்தின் 11 பாடல்களையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் 2019 டிசம்பர் 15 இரவு வேறு மாதிரி இருந்தது. 1976-ல் டப்ளினில் தொடங்கிய குழு, இந்தியாவில் முதல்முறையாக மேடையேறுகிறது! லேரி முல்லன் தனியாக நடந்து வந்து டிரம்ஸில் உட்கார்ந்ததுமே எழுந்த சத்தத்தில் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது.

அப்புறம் ரஹ்மான் வந்தார், மகள்களோடு. அவரும் யூ2-வும் சேர்ந்து செய்த 'அஹிம்சா' பாட்டில் திருக்குறள் வரும் என்று தெரியும், வீட்டில் பலமுறை கேட்டதுதான். இருந்தாலும் நவி மும்பையில், அத்தனை பெரிய திரைக்குக் கீழே, யூ2 பாடகர் போனோ நிற்கிற மேடையில் தமிழ் ஒலித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற புனே பையன் "என்ன மொழி?" என்று கேட்டான். சொன்னேன். அர்த்தமும் கேட்டான். அடுத்த உயிரின் வலியைத் தன் வலியாக நினைப்பதைப் பற்றியது என்று அவன் காதருகே கத்திச் சொன்னேன்.

நெருள் ஸ்டேஷன்வரை நடந்தே வந்தோம். கால் இன்னும் வலிக்கிறது. டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் யாராவது போனீர்களா? எந்தப் பக்கம் நின்றீர்கள்?