ஒன்னேகால் கட்டி வெல்லம்

*குழு: பாட்டி வீடு, சுங்கை சிப்புட், மலேசியா*
*புதன்*

தேவி: அத்தை, பெரியப்பா, யாராவது இருக்கிறீர்களா? அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து போகிறது. சனிக்கிழமை பாட்டிக்கு 16ஆம் நாள். படையலுக்கு என்ன செய்ய?

சரசு அத்தை: ஐயோ

சரசு அத்தை: பாகு பதம் பார்த்தாயா

தேவி: பார்த்தேன். தண்ணீரில் விட்டால் உருண்டு வந்தது. பாட்டி கடன் கணக்கெல்லாம் எழுதும் 555 குட்டி நோட்டில் உள்ளபடியே செய்தேன். "பச்சரிசி 4 டின், வெல்லம் ஒன்னேகால் கட்டி, ஏலக்காய் சுக்கு கொஞ்சம்."

குமார் அண்ணன்: அதே பக்கத்தில் சித்தப்பா கடன் வாங்கின 50 வெள்ளிப் பணமும் இருக்குமே

சித்தப்பா: அது அப்போதே கொடுத்தாச்சு

சரசு அத்தை: கோடு அடிக்கவில்லையே

சித்தப்பா: அக்கா, காலையிலேயேவா

பெரியப்பா: தேவிம்மா, வெல்லம் எவ்வளவு போட்டாய்?

தேவி: ஒரு கட்டி முழுசாக, இன்னொன்றை உடைத்துக் கால் பங்கு. பாகு பற்றவில்லை, தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன்.

குமார் அண்ணன்: 😂😂😂

பெரியப்பா: அது வெல்லக் கட்டி இல்லை அம்மா, சந்தைக் கட்டி. எடை. ஒரு கட்டி 600 கிராமுக்குச் சற்று மேல், கணக்காகச் சொன்னால் 604.79. ஒன்னேகால் கட்டி என்றால் 756 கிராம். கிலோவைக் கொண்டுவந்த எடை அளவைச் சட்டம் 1972இல் வந்தது. கிலோ பழகிய பிறகும் உன் பாட்டி மீன்காரரிடம் கட்டிக் கணக்கில்தான் கேட்பார். தேர்தல் சின்னத்தில் வருமே டாச்சிங் என்ற கைத்தராசு, அதில் நிறுத்து வாங்கிய கை அது. சரி, டின் எந்த டின்?

தேவி: பால் டின்தான். போன வாரம் காலியானது. 500 கிராம் என்று போட்டிருக்கிறது.

பெரியப்பா: அங்கேயும் தப்பு. பாட்டியுடையது பழைய 14 அவுன்ஸ் டின், 397 கிராம் பால் பிடிக்கும். அது பாலின் எடை. கெட்டிப்பால் தண்ணீரைவிடக் கனம். அரிசி இடைவெளி விட்டு விழும், அதனால் அதே டின்னில் தலைதட்டி அளந்தால் சுமார் கால் கிலோதான். நாலு டின் ஒரு கிலோ. உன் டின்னில் நாலு போட்டால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டிவிடும். அரிசி கூடிவிட்டது, வெல்லம் குறைந்துவிட்டது.

குமார் அண்ணன்: அப்பா, பாடம் போதும் லா

தேவி: அப்படியென்றால் மாவை ஒரு கிலோ நிறுத்து எடுத்துக்கொள்கிறேன். தராசு இருக்கிறது.

பெரியப்பா: வேண்டாம்! அரிசியை ஊறப்போடும் முன் நிறு. ஈர மாவில் தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும். மாவை டின்னில் அளந்தாலும் ஏமாறுவாய், சலித்த மாவு பொங்கி நிற்கும். நாலு டின் அரிசி மாவானால் நாலு டின்னில் அடங்காது.

சரசு அத்தை: அம்மா எதையும் நிறுத்ததே இல்லை

குமார் அண்ணன்: "கொஞ்சம்" எத்தனை கிராம்?

சித்தி: அந்தப் பழைய டின் இப்போது யாரிடம்? விளிம்பு நெளிந்தது. அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கும்.

சரசு அத்தை: என்னிடம்தான். பித்தளைத் தவலைக்குள் இருந்தது.

சித்தி: ஓ. தவலையும் அங்கேயா.

சித்தப்பா: பந்தல்காரரிடம் 120 பேர் என்று சொல்லிவிட்டேன்

சரசு அத்தை: 120ஆ? பழைய தோட்டத்து லயத்து ஆட்களே அவ்வளவு வருவார்களே

சித்தப்பா: 150?

பெரியப்பா: பிறகு பேசலாம். தேவி, நாளைக் காலை ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே டவுன் மில்லில் கொடு. பாகில் கிளறி வைத்துவிட்டு வெள்ளி மாலை சுடு.

தேவி: சரி பெரியப்பா. உதிர்ந்த மாவை என்ன செய்ய?

சரசு அத்தை: கொட்டாதே. வாழைப்பழம் பிசைந்து பணியாரம் ஊற்று.

குமார் அண்ணன்: எனக்கு நாலு எடுத்து வை. ஜொகூரிலிருந்து வெள்ளி இரவு பஸ்.

தேவி: அத்தை, வரும்போது அந்த டின்னைக் கொண்டு வாருங்கள்

சரசு அத்தை: பார்க்கிறேன். தவலை இங்கேயே இருக்கட்டும்.

சித்தி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*