முகவரியில் விட்டியர், ஊர் எது?

நிலா: பெரியப்பா, ஒரு சந்தேகம். நாங்கள் முன்பணம் கொடுத்திருக்கும் வீட்டின் முகவரி "விட்டியர், 90605". அம்மாவுக்காகப் பின்பக்கம் ஒரு சிறு வீடு கட்டலாமா என்று விசாரிக்க இன்று காலை விட்டியர் நகராட்சிக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் முகவரியைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் நகரத்தில் இல்லையே" என்கிறார்!

அருண்: அதெப்படி அக்கா? தரகர் கொடுத்த தாளிலும் விட்டியர் என்றுதானே அச்சடித்திருக்கிறது?

பெரியப்பா: தபால்காரருக்கு ஒரு ஊர், அரசாங்கத்துக்கு ஒரு ஊர். முகவரியில் இருக்கும் பெயர் கடிதம் வந்து சேர்வதற்காக வைத்தது. நிலா, அந்த வீடு சவுத் விட்டியரில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அத்தை (மதுரை): அது வேறு நகராட்சியா அண்ணா?

பெரியப்பா: அதுதான் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆனால் நம் ஊரில் நகராட்சி இல்லாத இடத்தில் ஊராட்சி இருக்கும். தலைவர் இருப்பார், குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே அப்படி இல்லை. எந்த நகரத்திலும் சேராத இடம் நேராகக் கவுண்டியின் கையில். மேயர் கிடையாது, நகர மன்றம் கிடையாது. கவுண்டியின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் இப்படித்தான். மலையும் பாலைவனமும் மட்டுமல்ல, ஒரு லட்சத்துக்கும் மேலானோர் வாழும் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ்கூட நகரம் இல்லை.

அருண்: ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் இல்லையா!

பெரியப்பா: இல்லை. தனி நகரமாக வேண்டும் என்று அந்த மக்கள் பலமுறை முயன்றார்கள், கைகூடவில்லை. ஒரு கோடி பேர் வாழும் கவுண்டியை ஆள்வது 5 மேற்பார்வையாளர்கள். கணக்குப் போட்டுப் பார், ஒருவருக்கு 20 லட்சம் பேர். தெருவிளக்கு எரியவில்லை என்று அவரிடம் எப்படிப் போய் நிற்பது?

நிலா: படம் அனுப்புகிறேன், பாருங்கள். அந்தப் பெண்ணே வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தார். நகரங்களுக்கெல்லாம் வண்ணம், நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். எங்கள் வீடு வெள்ளையில்.

அருண்: கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்டதுபோல் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தெற்கே கடல்வரை நாடாபோல் ஒன்று இறங்குகிறதே, அது என்ன பெரியப்பா?

பெரியப்பா: துறைமுகத்துக்குப் போட்ட வழி. கடலோரத்தில் இருக்கும் சான் பெட்ரோ அப்போது தனி ஊர். அதை எட்ட 1906இல் அந்த நாடாவைச் சேர்த்துக்கொண்டார்கள், 1909இல் சான் பெட்ரோவும் பக்கத்து ஊரான வில்மிங்டனும் நகரத்தோடு இணைந்தன. எல்லைக் கோடு சும்மா வளையாது, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு.

எங்கள் செரிட்டோஸையே எடுத்துக்கொள். 1956இல் இது நகரமானபோது பெயர் டெய்ரி வேலி. மனிதர்களைவிடப் பல மடங்கு மாடுகள்! சுற்றிலும் வீட்டுமனைகள் முளைத்துக்கொண்டிருந்தன. பக்கத்து நகரம் நிலத்தை இழுத்துக்கொண்டு, பிறகு சாண நாற்றம் என்று புகார் சொல்லித் துரத்திவிடும் என்று பால் பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். மாடுகளைக் காப்பாற்றவே ஒரு நகரத்தை உண்டாக்கினார்கள். பத்தாண்டில் நிலத்தின் விலை ஏறி, மாடுகள் போய், வீடுகள் வந்துவிட்டன. 1967இல் பெயரும் மாறியது. ஆனால் அன்று போட்ட கோடு இன்றும் பக்கத்து நகரமான ஆர்ட்டீசியாவை மூன்று பக்கமும் சுற்றி நிற்கிறது.

அத்தை: போன முறை வந்தபோது புடவை எடுத்தோமே, அந்தக் கடைத்தெரு உங்கள் ஊர்தானே?

பெரியப்பா: பயனியர் சாலையா? அது ஆர்ட்டீசியா. நீ கொடுத்த விற்பனை வரியில் நகரத்துக்குரிய பங்கு ஆர்ட்டீசியாவுக்குப் போனது. எங்கள் நகரத்துக்குக் கார் விற்கும் கடைகளிலிருந்து வருகிறது. நல்ல கடைத்தெரு இருக்கும் நிலத்தைச் சேர்த்துக்கொள்ள எந்த நகரமும் ஓடிவரும், வெறும் வீடுகள் மட்டும் இருக்கும் பகுதியை அவ்வளவு ஆசையாகக் கேட்பதில்லை. உன் வெள்ளைத் திட்டுகள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் நிலா. அங்கே இருப்பவர்கள் எந்த விதத்தில் குறைந்தவர்கள்? இத்தனை ஆண்டுகளாகியும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நிலா: அந்த வீட்டெதிரில் ஒன்று பார்த்தேன் பெரியப்பா. ஒரு மரத்தின் வேர் நடைபாதைப் பலகையைக் கையகலம் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதன்மேல் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். அம்மா அதில் நடக்க வேண்டுமே.

பெரியப்பா: கவுண்டியின் பொதுப்பணித் துறைக்குச் சொல்ல வேண்டும். பாட்டிக்கும் சொல்லிக்கொடு. திருட்டு என்றால் கவுண்டியின் போலீஸான ஷெரீஃப், விட்டியர் நகரப் போலீஸ் அல்ல. தீயணைப்பு இரண்டு பக்கமும் கவுண்டிதான். பள்ளிக்கூடத்தின் எல்லை தனி, அது நகர எல்லையைப் பார்ப்பதே இல்லை. எங்கள் ஏபிசி பள்ளி மாவட்டத்தில் செரிட்டோஸ், ஆர்ட்டீசியா, ஹவாயியன் கார்டன்ஸ், லேக்வுட்டின் ஒரு துண்டு எல்லாம் கலந்திருக்கின்றன.

அருண்: அப்படியானால் வாங்குவதற்கு முன்பே எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

பெரியப்பா: சொத்து வரிக்காக மனைகளை மதிப்பிடும் கவுண்டி அசெஸரின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் மனைக்கு 10 இலக்க எண் கிடைக்கும். அதோடு வரிப்பகுதி எண் ஒன்றும் இருக்கும். எந்தெந்த அமைப்புகளுக்கு அந்த மனை வரி கட்டுகிறது என்பதை அந்த எண் சொல்லிவிடும். தரகர் சொல்வதை நம்பாதே, அதை நம்பு.

நிலா: பார்த்துவிட்டேன். நகரம் இல்லை, கவுண்டிதான். வீட்டை விட மனமில்லை பெரியப்பா, அம்மாவுக்கு அந்த எலுமிச்சை மரம் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை கவுண்டித் திட்ட அலுவலகத்துக்குப் போகிறேன். நடைபாதைக்கும் அன்றே புகார் கொடுத்துவிடுகிறேன்.

பெரியப்பா: நானும் வருகிறேன். மனை எண்ணை எழுதி எடுத்துக்கொள்.

அத்தை: நிலா, நாளை உனக்கு வற்றலும் அப்பளமும் பார்சல் போடுகிறேன். புது வீட்டு முகவரிக்கே அனுப்பட்டுமா? எந்த ஊர் என்று எழுதட்டும்?

நிலா: சாவி கையில் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது அத்தை, அதற்குப் பிறகு அனுப்புங்கள். விட்டியர் என்றே எழுதுங்கள்.