மெமறி காட்டில் ஏற்றிய கூத்து ஒழுங்கு மாறி ஒலிக்கிறது: என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் மகள்:

வணக்கம். காலபோக நெல் முற்றத் தொடங்கியதும் என் தந்தையார் இரவில் வயற்காவலுக்குப் போய்க் கொட்டிலில் தங்குவார். யானையும் பன்றியும் இறங்கும் பகுதி என்பதால் விடியும்வரை விழித்திருக்க வேண்டும். அதற்குத் துணையாக, காட் போட்டுக் கேட்கும் சிறிய எம்பி3 பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, பழைய கசற்றுகளிலிருந்து கணினிக்கு மாற்றி வைத்திருந்த கோவலன் கூத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அதில் ஏற்றினேன். கணினியில் பார்க்கும்போது கோப்புகள் வரிசையாகவே நிற்கின்றன. பெட்டியிலோ கோவலன் வெட்டுண்ட பிறகுதான் சிலம்பு விற்கப் புறப்படுகிறான். கூத்தை மனப்பாடமாக அறிந்த மனிதருக்கு இது முதல் நாள் சிரிப்பாக இருந்தது, இப்போது எரிச்சலாகிவிட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. 64 ஜிபி காட் ஒன்றைப் போட்டால் பெட்டி அதை அறியவே இல்லை, ஆனால் கைத்தொலைபேசியில் அது வேலை செய்கிறது. விலை கூடிய, வேகமான காட் வாங்கினால் ஒலி தெளிவாகும் என்று கடையில் சொன்னார்கள். அது உண்மையா?

மாங்குளம் திருத்துநர்:

பெட்டியில் பழுது எதுவும் இல்லை. கணினி கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கி உங்களுக்குக் காட்டுகிறது. மலிவான பெட்டிகள் அப்படி அடுக்குவதில்லை. ஃபாட்32 என்ற கோப்பு அடுக்கு முறையில் போமற் செய்த (வெறுமையாக்கி, எழுதத் தயார்செய்த) காட்டில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு பதிவு அட்டவணை இருக்கும். எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதன் பெயர் அங்கே முதலில் நிற்கும், பெட்டியும் மேலிருந்து கீழாக அதையே வாசித்துக்கொண்டு போகும். ஆகவே நீங்கள் பெயரை மாற்றினாலும் பயன் இருக்காது. எழுதிய ஒழுங்கைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் கோப்புகளுக்கு 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கும் பெயர் வையுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் சில மென்பொருள்கள் 1க்கு அடுத்ததாக 10ஐக் கொண்டுவந்து நிறுத்தும். பிறகு காட்டைப் புதிதாகப் போமற் செய்து, கூத்து இருக்கும் கோப்புறையை முழுமையாக ஒரே தடவையில் பிரதி செய்யுங்கள். கோப்புகளைத் தெரிவுசெய்து இழுத்துப் போடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், ஏனெனில் விண்டோஸில் நீங்கள் எந்தக் கோப்பைப் பிடித்து இழுக்கிறீர்களோ அது முந்திக்கொண்டு போய்விடுவது உண்டு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபாட்சோர்ட் என்ற சிறு நிரல் இருக்கிறது. ஏற்கெனவே எழுதிய காட்டின் அட்டவணையை அது பெயர்வாரியாகத் திருத்தி எழுதிவிடும்.

வவுனியா வாசகர்:

பிள்ளை, 64 ஜிபி காட் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் என்ற வேறொரு முறையில் போமற் செய்யப்பட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது. உங்கள் பெட்டிக்கு ஃபாட்32 மட்டுமே விளங்கும் போலிருக்கிறது. விண்டோஸின் வழமையான போமற் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட காட்டுக்கு ஃபாட்32 தெரிவைத் தந்ததில்லை. ரூஃபஸ் போன்ற வேறு மென்பொருளால் அதைச் செய்யலாம். செய்தால் பல பெட்டிகள் ஏற்றுக்கொள்ளும், எல்லாம் ஏற்கும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், அந்தப் பாடே வேண்டாம். நொடிக்கு 128 கிலோபிற் வேகத்தில் பதிந்த எம்பி3 ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 58 எம்பிதான் பிடிக்கும். 32 ஜிபி காட்டில் 500 மணித்தியாலத்துக்கு மேல் ஏற்றலாம். ஒரு போகம் முழுவதும் கேட்டாலும் முடியாது.

வேகத்தைப் பற்றிச் சொன்னவர் விற்பதற்காகச் சொல்லியிருக்கிறார். மிக உயர்ந்த 320 கிலோபிற் எம்பி3க்கும் நொடிக்கு 40 கிலோபைற் வாசித்தால் போதும். கிளாஸ் 4 என்று குறித்த பழைய காட்டே நொடிக்கு 4 எம்பி எழுத வல்லது. 2015இல் சோனி நிறுவனம் இசைக்கென்றே ஒரு 64 ஜிபி காட்டை, மின் இரைச்சல் குறைவானது என்று சொல்லி, உயர்ந்த விலைக்கு வெளியிட்டது. காட்டிலிருந்து வருவது எண்கள்; மலிவான காட்டிலும் விலை கூடிய காட்டிலும் அவை ஒன்றுதான். உங்கள் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கிக்கு முன்னால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பணம் செலவழிப்பதாயின் நல்ல இயர்போனுக்குச் செலவழியுங்கள் என்பேன், ஆனால் யானைக் காவலில் இருப்பவர் காதை அடைத்துக்கொள்ளக் கூடாது.

போலிக் காட் விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் காட்டுகள் சந்தையில் உண்டு. கோப்புப் பெயர்கள் எல்லாம் தெரியும். முதலில் ஏற்றியவை ஒலிக்கும், பின்னால் ஏற்றியவை ஊமையாகிவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் காட்டை முழுவதும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். கூத்தை ஏற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஒட்டுசுட்டான் மகள்:

இருவருக்கும் நன்றி. 32 ஜிபி காட்டில் புதிதாக ஏற்றினேன், வரிசை சரியாகிவிட்டது. ஆனால் இரைச்சல் மிகுந்த ஏழாம் பகுதியை அழித்து, திருத்திய பதிவை அதே இடத்தில் போட்டபோது அது கடைசிக்குப் போய்விட்டது. மேலும், பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டால் நடந்துகொண்டிருந்த பகுதி தொடக்கத்திலிருந்து ஒலிக்கிறது.

மாங்குளம் திருத்துநர்:

அழித்த கோப்பின் இடம் அட்டவணையில் வெற்றிடமாக நிற்கும். புதிய பெயர் அந்த இடைவெளிக்குள் அடங்கினால் அங்கே உட்காரலாம். நீண்ட பெயருக்குக் கூடுதல் வரிகள் தேவைப்படுவதால், அடங்காவிட்டால் அது வேறிடத்துக்குப் போய்விடும். உங்கள் திருத்திய பதிவின் பெயர் பழையதைவிட நீளமாக இருந்திருக்கக்கூடும். ஒன்றை மாற்றினாலும் போமற் செய்து முழுவதையும் மீண்டும் ஏற்றுவதே நிச்சயமான வழி. மூலப் பதிவுகளைக் கணினியில் கட்டாயம் வைத்திருங்கள். காட் மட்டுமே உள்ள பிரதியாக இருக்கக் கூடாது.

இரண்டாவதற்கு: இவ்வகைப் பெட்டிகள் பல, எந்தக் கோப்பு என்பதை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கின்றன, எந்த நிமிடம் என்பதை அல்ல. பகுதிகளைப் பத்து நிமிட அளவில் வெட்டினால் இழப்பு குறையும். ஒரு பாட்டின் நடுவில் வெட்டாமல், விருத்தம் முடியும் இடத்தில் வெட்டுங்கள்.